வளைத்த கதிர் அறுத்த கதிர் ஆகாது

அனுப்புநர்:
பால்தசார் கோவாத்,
சான் லூகாஸ் அத்லாபா ஊர்க் குடிகள் அனைவருக்காகவும்.

பெறுநர்:
அரச விசாரணை நீதிபதி அவர்கள்,
மெக்சிகோ நகரம்.

பொருள்: எங்கள் ஊர் மகதலேனாவைச் சிறையிலிருந்து விடுவிக்கவும், அவருடைய வயலைத் தரிசு என்று எழுதி மாட்டுப் பண்ணைக்குக் கொடுப்பதைத் தடுக்கவும் கோருதல்.

குடிகளின் குறைகளைக் கேட்டுவரும்படி அரசர் அனுப்பிவைத்த ஐயா அவர்களுக்கு,

1. மகதலேனா எங்கள் ஊரில் தனியாக விவசாயம் செய்துவரும் கைம்பெண். நான் அக்கா என்று அழைப்பவர். சென்ற நவம்பர் மாதம் முதல் மாவட்டத் துணை நீதிபதியின் சிறையில் இருக்கிறார். தோன் கஸ்பார் தே வில்யால்பா என்னும் பண்ணையாரின் காளையைக் கொன்றார் என்பது அவர்மீதுள்ள குற்றச்சாட்டு. அவர் கொல்லவில்லை. மந்தை அவருடைய மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டிருந்தது. வயலோரம் அவர் வெட்டியிருந்த குழியில் காளை விழுந்து காலை முறித்துக்கொண்டது. அதன் கழுத்தை அறுத்தவர் பண்ணையின் மேய்ப்பர் தலைவர் ரொமேரோ. தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு இறைச்சியைக் கழுகுகளுக்குப் போட்டுவிட்டுப் போனார். பட்டினி கிடந்த ஊரின் நடுவே அந்த இறைச்சி அழுகியது. தொட்டால் திருட்டு என்று எச்சரித்துவிட்டுத்தான் போயிருந்தார்.

2. இந்த வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: அன்று அந்த வயலில் அறுவடை முடிந்திருந்ததா, இல்லையா? அறுத்து முடித்த வயலில் யாருடைய மாடும் மேயலாம் என்பது அரசாணை. நாங்கள் அதை மறுக்கவில்லை. ஆனால் கதிர் முற்றியதும் நாங்கள் அதைப் பறிப்பதில்லை. கதிருக்குக் கீழே தண்டை மடக்கி, கதிரைத் தலைகீழாக வளைத்துத் தொங்கவிடுவோம். மழை உள்ளே இறங்காது, பறவை கொத்தாது, கதிர் செடியிலேயே காயும். மடக்கிய தண்டில் அவரைக்கொடி படர்ந்திருக்கும், தரையில் பூசணி கிடக்கும். தை, மாசி என்று தேவைப்படும்போது போய்ப் பறித்து வருவோம். வயல்தான் எங்கள் களஞ்சியம்.

தூரத்தில் குதிரைமேல் இருந்து பார்ப்பவருக்கு அது காய்ந்த தாளாகத்தான் தெரியும். அன்று ரொமேரோ மந்தையை உள்ளே ஓட்டியபோது நான் பக்கத்து வயலில் இருந்தேன். நடந்த பேச்சைக் கேட்டபடியே எழுதுகிறேன். தங்கள் காதுக்கு ஆகாத சொல் இருந்தால் பொறுத்தருள்க.

"எல்லாம் செத்துத் தலை தொங்கிக் கெடக்கு. இதுக்கு என்னம்மா காவல்?" என்றார் ரொமேரோ.

மகதலேனா விடவில்லை: "தலை தானா தொங்கலடா, நான் மடக்கிவிட்டது. எறங்கி வந்து ஒண்ணை உரிச்சுப் பாரு. குதிரை மேலயே குந்திக் குந்தி உனக்கு காலு இருக்கறதே மறந்துபோச்சா?"

"பண்ணையார் அறுப்பு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு. அவர் சொன்னா முடிஞ்சதுதான்."

"அப்ப நாளைக்கு அவரு ராத்திரின்னு சொன்னா நீ பட்டப்பகல்ல படுத்துத் தூங்குவியா?"

ரொமேரோ சிரித்துக்கொண்டே மந்தையை ஓட்டினார். அவர் இறங்கிப் பார்க்கவேயில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. அரசாணை பொய் அன்று. அது கோதுமை விளையும் நாட்டில் எழுதப்பட்டது. அங்கே அரிவாள் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் தாள்தான் மிஞ்சும் என்று எங்கள் கோயில் சாமியார் சொல்கிறார். மாடு ஏறி வந்த கப்பலிலேயே அந்தச் சட்டமும் ஏறி வந்தது. இரண்டும் இங்கே இறங்கி எங்கள் வயலுக்குள் நடந்தன. மக்காச்சோளம் என்றால் என்ன என்று இரண்டுமே கேட்கவில்லை.

4. எங்கள் பக்கம் ஒரு பிழை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. முதல்முதலாகப் பண்ணையின் மாடு ஒன்று ஊருக்குள் வந்தபோது எங்கள் பெரியவர்கள் அதற்குத் தண்ணீர் வைத்தார்கள், ஒரு கூடை மக்காச்சோளமும் போட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த பெரிய விலங்கு மான்தான். அது வரும், மிரளும், போய்விடும். இந்த மாடோ இளைத்து, நாக்குத் தள்ளி நின்றது. வழிதவறி வந்த உயிர் என்று நினைத்தார்கள். வந்தவருக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் விசாரிப்பு என்பது எங்கள் ஊர் வழக்கம். இன்று பண்ணையார் அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கிறார்: ஊராரே முன்வந்து மாட்டுக்குத் தீனி போட்டார்கள், ஆகவே மேய்ச்சல் உரிமை பழங்காலம்தொட்டு எனக்கு இருக்கிறது என்கிறார். விருந்து வைத்த வீட்டை விருந்தாளி தன் வீடு என்று எழுதிக் கேட்கிறார். எங்கள் பெரியவர்கள் செய்த பிழை இரக்கம். அதற்கு என்ன தண்டனை என்று தாங்களே சொல்ல வேண்டும்.

5. துணை நீதிபதி விசாரித்த நாளில் மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். "அறுவடை முடிஞ்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று அவர் மூன்றாம் முறை கேட்டபோது மகதலேனா சொன்னது இது: "உங்க வீட்டு அடுப்புல மிளகாக் குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு. நாயி உள்ள பூந்து நக்கிடுச்சு. சமையல் முடிஞ்சுதா இல்லையான்னு நாய்க்காரன்கிட்டயா கேப்பீங்க, சாமி?" காவலர்கள் சிரித்துவிட்டார்கள். நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு மூடிய விசாரணை இன்றுவரை திறக்கப்படவில்லை.

6. ஏன் திறக்கப்படவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு மழைப்பருவம் விதைக்காமல் கிடந்தால் அந்த வயலை ஆளில்லாத் தரிசு என்று எழுதிப் பண்ணைக்குக் கொடுத்துவிடலாம். விதைக்க வேண்டியவரைச் சிறையில் வைத்துக்கொண்டு, விதைப்பு ஏன் நடக்கவில்லை என்று கேட்கப் போகிறார்கள்.

ஆளில்லா நிலம் என்ற சொல்லை இந்த மாவட்டத்தில் மிகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நாலு வருடத்துக்கு முன் வந்த கொள்ளைநோயில் மூக்கில் ரத்தம் வழிந்து என் தெருவே செத்தது. அந்த நோய்க்கு எங்கள் மொழியில் பழைய பெயர் இல்லை, ஏனென்றால் எங்கள் மூதாதையர் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. மகதலேனாவின் கணவரும் பிள்ளைகளும் அதில்தான் போனார்கள். அவர்களை அந்த வயலின் தலைமாட்டிலேயே புதைத்திருக்கிறோம். ஆள் இல்லாத நிலம் அன்று அது. ஆட்கள் அடியில் இருக்கிறார்கள்.

எங்கள் மக்காச்சோளம் கடல் தாண்டிப் போய்விட்டது, அந்தக் கரையில் அதைப் பயிரிட்டுப் பன்றிக்கும் போடுகிறார்கள் என்று துறைமுகத்திலிருந்து வந்த கழுதைக்காரர் சொன்னார். போகட்டும், தின்னட்டும். பதிலுக்கு வந்தது இந்த மாடும் அந்த நோயும். நோய் ஆளைத் தின்கிறது, மாடு வயலைத் தின்கிறது. மாட்டின் தோல் செருப்பாகப் போகிறது, கொழுப்பு வெள்ளிச் சுரங்கத்துக்கு மெழுகுவர்த்தியாகப் போகிறது. எங்களுக்கு மிஞ்சுவது சாணி. இதை வணிகம் என்று சொல்கிறார்களாம்.

7. ஆகவே நாங்கள் வேண்டுவது: மகதலேனாவை உடனே விடுவிக்க ஆணையிட வேண்டும். வளைத்துவிட்ட கதிர் அறுத்த கதிர் அன்று என்று எழுத்தில் தர வேண்டும். அவருடைய வயலைத் தரிசு என்று யாரும் எழுதக்கூடாது.

கடைசியாக ஒன்றைத் தங்களுக்குத் தெரிவிப்பது கடமை. போன வாரம் சிறைச் சன்னல் வழியாக அவருக்கு ரொட்டி கொடுக்கப் போனேன். "என்னைப் பாத்தது போதும், போய் வயலைப் பாருங்கடா" என்று விரட்டினார். நேற்று சிலுவைத் திருநாள். ஊர் முழுவதும் கூடி முதலில் அவருடைய வயலில் விதைத்தோம். எங்கள் வயல்களுக்கு அதன் பிறகுதான் போனோம். இந்த மனு தங்கள் கைக்கு வரும்போது முளை விட்டிருக்கும்.

குழியையும் மூடவில்லை. அகலப்படுத்தி, வயலைச் சுற்றிலும் வெட்டிவிட்டோம். வெட்டாத வீடு ஊரில் இல்லை. குழி வெட்டியவர் குற்றவாளி என்றால் மகதலேனாவை வெளியே விடத்தான் வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் உள்ளே வர அந்தச் சிறையில் இடம் போதாது.

கதிர் வளைக்கும் மாதத்தில் தாங்களே நேரில் வந்து ஒரு கதிரை உரித்துப் பார்க்க வேண்டுகிறோம். வரும்போது வயலோரம் குதிரையைவிட்டு இறங்கி, நடந்து வாருங்கள். குழி ஆழம்.

இடம்: சான் லூகாஸ் அத்லாபா
நாள்: 1580 மே 4

ஊர்க் குடிகள் கேட்டு ஒப்ப, தன் கையால் எழுதியது,
பால்தசார் கோவாத்