குடிக்காதவரின் கல்லீரல்

அம்பிட்டிய
03.06.2024

அன்புள்ள அக்கா,

என் நம்பரை நீங்கள் ப்ளொக் செய்துவிட்டீர்கள் என்பது ஐந்தாம் நாள்தான் எனக்கு விளங்கியது. அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு டீச்சர் வாசிக்காமலே கிழித்துப் போடமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன். லூக்காஸ் மச்சான் குடிப்பதில்லை. மார்ச் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரல் என்ற சொல்லைக் கண்டதும் நீங்கள் அதற்கு மேல் ஒரு வரியும் வாசிக்கவில்லை. பதினான்கு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அந்த வருத்தம் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்புப் படியலாம். கவனிக்காமல் விட்டால் தழும்பு விழுந்து இறுகும். ஆறு வருடமாக நான் ஆராய்வதே இதைத்தான். என் ஆய்வில் சாராயத்தின் வாடைகூடத் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலுமாரியிலும் போய்ப் போத்தல் தேடுவீர்களா?

மச்சான் இரண்டு தடவை கிளினிக்குக்கு வரவில்லை. கேட்டால், "அங்க வந்தா குடிச்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், மத்தியூ" என்கிறார். இப்போது கவனித்தால் திருத்தலாம். பிந்தினால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. தயவுசெய்து அவரை அனுப்பிவையுங்கள்.

உங்கள் தம்பி,
மத்தியூ

கடுகண்ணாவை
09.06.2024

அன்புள்ள தம்பி,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. எழுதியதை நம்பவுமில்லை.

உனக்குக் கல்லீரல் என்பது கம்பியூட்டரில் தெரியும் படம். நம் அப்பா வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தபோது உனக்கு ஐந்து வயது. எனக்குப் பதினாறு. அவருடைய துணிகளைக் கழுவியது நான். "குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டாரு" என்று தேயிலைத் தோட்டத்து டொக்டர் அம்மாவிடம் சொன்னபோது பக்கத்தில் நின்றதும் நான்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொன்னேன். இவர் குடிப்பதில்லை என்றார். முப்பத்தொரு வருடம் அந்தச் சொல்லோடு வாழ்ந்தேன்.

பிலிமத்தலாவையில் புடவைக் கடையை மூடிவிட்டு வர இப்போது ஒரு மணித்தியாலம் பிந்துகிறதே, எதற்கு? கேட்டால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போகிறார். சமைத்து வைக்கிறேன், அவ்வளவுதான். மூன்று மாதமாகப் பேச்சில்லை. எப்படி அவரை அனுப்புவது?

உன் அக்கா,
டொரதி

அம்பிட்டிய
14.06.2024

அக்கா,

அவர் நடந்து வருகிறார். பஸ் ஏறாமல், அந்த ஏற்றத்தில், தினமும். நடக்கச் சொன்னது நான். அதை உங்களிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "முப்பத்தொரு வருசம் கூட இருந்தவளுக்கு நான் என்னத்த நிரூபிக்கிறது?" என்றார். உங்கள் இரண்டு பேரோடும் எனக்கு முடியவில்லை.

ஒன்று செய்யுங்கள். மச்சானைப் போல ஆய்வில் உள்ளவர்களின் வீட்டாரையும் பரிசோதிக்கிறோம். புதன்கிழமை காலை சாப்பிடாமல் வாருங்கள். ஸ்கேன் செய்வது என் உதவியாளர் சப்னா. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்; பிறகு தம்பி பொய் எழுதிவிட்டான் என்று நீங்கள் சொல்லக்கூடாது.

மத்தியூ

கடுகண்ணாவை
21.06.2024

அன்புள்ள மத்தியூ,

உனக்கு இப்போது திருப்திதானே?

சப்னா மரியாதையான பிள்ளை. முதலில் இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தாள். பிறகு கருவியை விலாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொழுப்பு நிறையப் படிஞ்சிருக்கு டீச்சர், சீனியும் கூட" என்றாள். திரும்பப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் அதேதான். பிறகு படிவத்தை நிரப்பும்போது, எல்லோரிடமும் கேட்பதுதான் என்று சொல்லி, மதுபானம் ஏதும் பாவிப்பதுண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். என்னை நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. அந்த ஒரு நிமிடமே எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மூன்று மாதம் பொறுத்திருக்கிறார்.

பின்னேரம் அவர் வியர்த்துப்போய் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் என் ரிப்போர்ட்டை முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்ப இருந்து குடிக்கிற, டொரதி?" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. என்னாலும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த கிளினிக் எப்போது என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் தேதி இருவருமாக வருகிறோம். இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவார் என்று நினைக்கிறேன்.

உன் அக்கா,
டொரதி