மேசையில் கிடந்த போன்

அடம்பன், மன்னார்
பங்குனி, 2019

அன்புள்ள மகள் தனுசியாவுக்கு,

திருக்கேதீச்சரத்தான் துணையால் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை பிள்ளை, உண்மையாகவே கேட்கிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அப்பா ஏன் போனில் எழுதாமல் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் எழுதினால் உன் அம்மா எடுத்துப் பார்ப்பாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதென்றால் எனக்குத் தபால் கந்தோரை விட்டால் வேறு வழியில்லை.

நீ சுவிஸிலிருந்து அனுப்பிய போன் நல்ல வேலை செய்கிறது. ஆட்கள் கதைக்கக் கதைக்க அதில் தமிழ் எழுத்தாக விழுகிறது. சண்டையில் ஷெல் விழுந்து காது போன பிறகு கமக்காரர் சங்கக் கூட்டத்தில் நான் கதிரைக்குப் பாரமாக இருந்ததுதான் மிச்சம். போன வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்த காமில் என்ற கமக்காரப் பொடியன் கை உயர்த்தினான் என்று நானும் உயர்த்தினேன். அவனுடைய வயல் மற்ற வாய்க்காலில். எங்கள் வாய்க்காலுக்குச் சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்து சேர்ந்தேன், அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இந்த வருடமும் கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் குறைவு, அதனால் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சண்டை, போனில் எழுத்து ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினால் அதுவும் என்னைப் போலத்தான் முழிக்கிறது. நான் எழும்பி, போனைக் கையில் வைத்திருக்கிறவர் மட்டும் கதையுங்கோ, மற்ற ஆட்கள் வாயைப் பொத்துங்கோ என்றேன். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. காமில்தான் போனை வாங்கி, அண்ணை சொல்லுறது சரி, காது கேக்கிற எங்களுக்கே ஒண்டும் விளங்கேல்லை என்றான், அதை எழுத்தில் வாசித்துச் சிரித்தேன். பிறகு போன் கைக்குக் கை மாறிச் சபை முழுக்கச் சுற்றியது. நானும் கேள்வி கேட்டேன், மறுமொழி வாசித்தேன், எங்கள் வாய்க்காலுக்கும் பாதிக் காணிக்குத் தண்ணீர் தருவதாக முடிவாயிற்று.

அந்தப் பெருமையில் வீட்டுக்கு வந்தவன் போனை நிறுத்தாமல் மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிட இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, நீ அம்மாவின் போனில் வந்தாய். எனக்குக் கை காட்டிச் சிரித்தாய், நானும் காட்டினேன், பிறகு அம்மா உன்னைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கிழமைக்குக் கிழமை என் பங்கு அவ்வளவுதானே. ஆனால் அன்றைக்கு மேசையில் கிடந்தது எழுதிக்கொண்டே இருந்தது. பார்த்தீபன் விட்டிட்டுப் போய்க் கன நாளாச்சு அம்மா, தனிய இருக்க ஏலாமல் கிடக்கு, நான் அங்கை வந்திடட்டோ என்று கேட்டாய். கொஞ்சம் பொறு பிள்ளை, அப்பாவுக்குத் தெரிஞ்சால் தாங்கமாட்டார் என்றாள் அம்மா. ஓம், ஊருக்கு முன்னாலை அப்பா என்னாலை தலைகுனியக் கூடாது என்றாய். அதன்பிறகு கனநேரம் எழுத்தே வரவில்லை. நீ அழுதாயா மகள்? அழுகையை அது எழுதாதாம். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, நல்லாய் இருக்கிறாள் என்று கையால் காட்டினாள். நானும் தலையாட்டிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

மருமகன் போன சங்கதியே எனக்கு அப்போதுதான் தெரியும். பொங்கலுக்குக்கூட அவரைச் சுகம் விசாரித்தேனே, நீயும் ஓம் ஓம் என்று தலையாட்டினாயே. உங்கள் இருவர் மேலும் கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தைவிட உன்னைப் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக நிற்கிறது. உன் குரலை நீ பள்ளிக்கூடம் போன காலத்தோடு விட்டவன் நான். இப்போது எந்தக் குரலில் கதைக்கிறாய் என்று தெரியாது, எந்தக் குரலில் அழுகிறாய் என்றும் தெரியாது. கேளாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு எதிரே இருந்து கதைத்தால் வாயைப் பார்த்துக்கொண்டாவது இருப்பேன். வயிற்றைக் காயப்போடாதே, குளிருக்குள் தேத்தண்ணியோடு நாளைக் கழிக்காதே.

பிள்ளை, எழும்பி வா. எனக்குத் தாங்காது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுத்தபோது என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம். நீ அங்கே தனியே கிடப்பதுதான் எனக்குத் தாங்காது. ஊர் என்ன கதைக்கும் என்று எனக்காகப் பயப்படுகிறாய், ஊர் கதைக்கிறது என் காதில் விழுந்து பத்து வருடமாகிறது.

சிவன் உன்னைக் கைவிடமாட்டான், நானும் விடமாட்டேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, தடித்த சட்டைகளைக் கட்டிக்கொண்டு வராதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எந்த நாள் வருகிறாய் என்பதை முதலில் எனக்குத் தபாலில் சொல். அம்மாவுக்கு நான் சொல்கிறேன்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா