சந்தனம் வைத்த பதினொரு வண்டிகள்

பெயின்டரே,

நேற்று புத்தூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, சொல்லிவைத்தாற்போல் பாதையை மறித்து நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த பஸ் டிரைவர், எஞ்சின் டிரைவரின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு விசாரித்துக்கொண்டிருந்தான். நான் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எதிரே நின்ற வேகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் கீழ் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. “சுண்ணாம்பு. கதவு சரியா மூடல” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பூக்காரி கூடையை இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இன்னும் எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

உன்னை நான் முதலில் பார்த்தது ஒரு மாட்டு வண்டியில், வைக்கோலின் மேல். ரேணிகுண்டா யார்டில் வேகன்களுக்கு எழுத்தும் எண்ணும் எழுதுகிற பெயின்டர், ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, புத்தூர் கட்டு கட்டக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார்கள். எப்படி விழுந்தாய் என்பதை நீயே பிறகு சொன்னாய். எழுதி முடித்த எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அடி பின்னால் வைத்தாயாம். ஏணியில் பின்னடி ஏதய்யா? இருபது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் கிண்டல் செய்தேன். ஆனால் தன் கைவேலையைப் பார்க்க உயரத்தையே மறந்தவன் வேறு ஒருவனையும் நான் கண்டதில்லை. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உனக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும்.

கட்டு வைத்தியரின் கொட்டகைக்கு அடுத்த சுவர் என் தகரப் பட்டறை. மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி உனக்குக் கட்டுப் போட்ட அன்று நீ போட்ட சத்தத்தில் என் கத்திரி கோணி, ஒரு புனல் வீணானது. நான்காவது வாரம் நீ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாய்.

“யோவ் தகரம்! உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி செஞ்சி குடேன். நாலு சக்கரம் வெச்சி.”

“இன்னாத்துக்கு? உன் காலை அதுல வெச்சி இழுத்துக்கினு போறதுக்கா?”

“வேகன்யா. படுத்துக்கினே சாவறதுக்கு, எதனா செய்யலாமேன்னுதான்.”

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்து, நூல்கண்டுக் கட்டையை அறுத்துச் சக்கரம் போட்டுக் கொடுத்தேன். நீ சொன்ன அளவுகளைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், பக்கத்துக்கு இத்தனை ஆணித்தலை வேண்டும், ஏறுபடி வேண்டும். உன்னிடம் அளவுகோல் கிடையாது, படமும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் காற்றில் அளந்து சொல்வாய். அப்படியே பதினொரு வண்டிகள் ஆயின. செங்காவிப் பெயின்ட் அடித்து, துணியால் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மினுக்கி உன் கட்டிலில் வரிசையாக வைத்தேன். எனக்கே கண் பட்டுவிடும்போல இருந்தது.

மறுநாள் வந்து பார்த்தால் முதல் வண்டி குப்பைத் தொட்டியில் கிடந்து எழுந்ததுபோல இருந்தது. மேலெல்லாம் கரி. ஓரமெல்லாம் துரு.

“அடப்பாவி! ஒரு நாளெல்லாம் தேய்ச்சி குடுத்தேனே!”

“புது வேகன் ஒரு நாளைக்குத்தான் புதுசு, தகரம். அப்புறம் அது ஆயுசுக்கும் ஓடிக்கினு கீது. நான் ஓடற வண்டி செய்யறேன். நீ நிக்கிற வண்டி செய்யற.”

எனக்குக் கோபம்தான். ஆனாலும் நீ வேலை செய்வதைப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த மோரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைத் தொடுவாய். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைப்பாய். செங்கல் தூளைப் பப்பாளித் தண்டில் போட்டு ஊதுவாய். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டுக்குப் போக மிஞ்சிய முட்டை வெள்ளையை ஒரு பூச்சு. “எலும்பு ஒட்டற பசையிலதான் என் துருவும் ஒட்டுது” என்று வைத்தியரிடமே சொல்லிச் சிரித்தாய். கரியை எங்கே வேண்டுமானாலும் அப்பமாட்டாய். மழை எங்கே விழும், எங்கே தேங்கும், எங்கே வழியும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாய். தடவிவிட்டுப் பாதியைத் துடைத்து எடுப்பாய். துடைத்தது போக நின்றதுதான் அழுக்கு என்பாய்.

வண்டி இருந்தால் பாதை வேண்டாமா? பழைய கதவுப் பலகை ஒன்றை உன் கட்டிலோரம் முக்காலிகளின் மேல் போட்டோம். ரேணிகுண்டாவிலிருந்து திருத்தணி வரைக்கும் தகரத் தண்டவாளம். களிமண்ணில் நகரி மூக்கு மலை. பீர்க்கங்கூட்டை நறுக்கி மரங்கள். ரயிலோரத்து மரம் எங்கேயாவது பச்சையாக இருக்குமா என்று சொல்லி அவற்றின் மேலும் தூசியை ஊதினாய். புத்தூர் ஸ்டேஷன் தூணில் வெற்றிலைக் கறைகூட வைத்தாய். அந்தச் சிவப்பு மட்டும் என் வாயிலிருந்து கொடுத்தது.

அது ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். கொட்டகையில் படுத்திருந்தவர்களுக்குச் சண்டை போட அந்தப் பலகையே போதுமானதாக இருந்தது. கை முறிந்த திருத்தணிக்காரர் ஒருவர், “எங்க ஊர் மெட்ராஸுக்குத்தான் போவும்” என்றார். கால் முறிந்த காளஹஸ்திக்காரர், “எட்லா போத்துந்தி? எப்படிப் போவும்? நான் உடமாட்டேன்” என்றார். உருப்படியாக ஓர் அடி அடிக்க ஒருவருக்கும் முடியாது. ஆனால் அடிதடிக்கு ஒரு குறையும் இல்லை. இருவரும் பத்தை கட்டிய கையையும் ஊன்றுகோலையும் ஆட்டிக்கொண்டு, “பெயின்டரே, நீயே கோடு போடு, எங்க முடியுது ஆந்திரா?” என்று உன்னிடம் வந்தார்கள். நீ தலைகூட நிமிரவில்லை.

“வேகன்ல கோடு போட்டுக்கினு கீறேன். அங்க முடியட்டும், அப்புறம் இங்க வரேன்.”

அவர்கள் சிரித்துவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை. உன் மனம் வேறு எங்கேயோ இருந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் வைத்தியர் சொல்லியிருந்தார், எலும்பு ஒட்டிவிட்டது, ஆனால் கால் இரண்டு விரற்கடை குட்டை, இனி ஏணி ஏற முடியாது என்று. ஏணி ஏறாத பெயின்டர் யார்டுக்கு எதற்கு? உங்கள் போர்மன் மனது வைத்துக் கீழ்வேலை ஏதாவது எழுதிக் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் விஜயதசமியன்று குடும்பத்தோடு திருத்தணி போகிற வழியில் இறங்கி உன்னைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“கை நல்லாதான் கீதுன்னு இதைப் பார்த்தா தெரிஞ்சிக்குவார் இல்ல?” என்று என்னிடம் கேட்டாய். அதுவரை உன் வாயிலிருந்து கேள்வியாக எதுவும் வந்து நான் கேட்டதில்லை. “வேகன் பக்கம் போவக்கூடாதுன்னுட்டா நான் எங்கய்யா போய் நிக்கிறது?” என்றாய். நான் உன் மோர்ச் சட்டியில் இன்னும் இரண்டு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டேன். 

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. உனக்குக் காலையில் கட்டுப் பிரித்துப் புதுக்கட்டுப் போட்டதில் களைத்துத் தூங்கிவிட்டாய். பட்டறையில் கத்திரி, சுத்தி, பட்டறைக்கல் எல்லாவற்றையும் கழுவி அடுக்கிவிட்டுப் பார்த்தேன். உன் வண்டிகளும் நான் செய்தவைதானே, அவற்றுக்கும் பூஜை வேண்டாமா என்று பதினொன்றையும் தூக்கி வந்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். உன் இருபது நாள் வேலை அரை மணி நேரத்தில் சாக்கடையில் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துளி மஞ்சள் வைத்து, முதல் வண்டியின் சக்கரத்தடியில் சுண்டைக்காய் அளவில் ஓர் எலுமிச்சைப் பிஞ்சும் வைத்து நசுக்கி, தட்டில் ஏந்திக்கொண்டு வந்தேன்.

பூஜைக்குக் கழுவினேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் போர்மன் வந்து பார்க்கும்போது என் தகரம் பளபளவென்று இருக்கவேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. கரிக்கு அடியில் என் கைவேலை ஒருவருக்கும் தெரியாமல் போகிறதே என்று இருபது நாளாக எனக்குப் புகைந்துகொண்டிருந்தது. அதுதான் மீதி.

நீ கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தாய். ஒரு வண்டியை எடுத்துத் திருப்பினாய். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது.

“சந்தனம்கூட வெச்சிட்ட” என்றாய். அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு நான் சோறு தின்றிருப்பேன்.

மறுநாள் போர்மன் வந்தார். கூடவே மனைவி, மைத்துனர், சித்ரான்ன மூட்டை. ஒரு வண்டியைக் கையில் எடுத்தார். “பாக உந்தி, நல்லாருக்கு. கொலுவுல வெக்கலாம்” என்று மனைவியிடம் நீட்டினார். பொம்மை! நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

நீ சொன்னாய், “சார், அஞ்சு நிமிஷம் குந்துங்க. அதைக் குடுங்க.”

மோர்த் தண்ணீரையும் கரியையும் என்னை எடுத்துவரச் சொன்னாய். சந்தனத்தைத் துடைக்கக்கூட இல்லை, அதன் மேலேயே ஆரம்பித்தாய். முதலில் கதவு மூலையில் சுண்ணாம்பு. “கடப்பா சுண்ணாம்பு ஏத்தின வண்டி சார். கதவு கீழ சரியா மூடல. மழையில ஒழுகிக்கினு வந்திருக்கு.” பிறகு ஓர் ஆணித்தலையின் கீழே மட்டும் நீளமாகத் துரு. “இத்தனை ஆணியில இது ஒண்ணுதான் அழுவுது பாருங்க. லூஸாயிடுச்சி.” போர்மன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கடைசியில் சக்கரங்கள். மூன்று சக்கரத்தின் அச்சுப் பெட்டியில் ஈரக் கறுப்பாக எண்ணெய் தொட்டாய். நான்காவதில் கரியோடு செங்கல் தூளைக் குழைத்து, வறண்ட பழுப்பாக ஒரு திட்டு.

“இது ஏம்ப்பா இப்படி?”

“எண்ணெய் தீஞ்சி போச்சி சார். சூடு ஏறின பெட்டி. இந்த வேகனை ரேணிகுண்டா தாண்ட உடக்கூடாது. அச்சு முறிஞ்சிடும், கழட்டி ஓரமா நிறுத்தணும்.”

அப்போது அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். யார்டில் வண்டி வந்து நின்றதும் செய்வதுபோலக் குனிந்து, வலது புறங்கையை அந்தத் தகர வண்டியின் நான்காவது சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், சூடு பார்க்க. நூல்கண்டுக் கட்டையில் சூடு! மனைவி களுக்கென்று சிரித்த பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார். வெட்கத்தை மறைக்க ஒரு இருமல் இருமினார்.

“ஏணி ஏற முடியாதுன்னாங்களே. வேகனைப் பாத்துக்கினே நடக்கத் தெரியுமா?”

“கோல் ஊனிக்கினு மெதுவாதான் சார் நடக்க முடியும்.”

“மெதுவா நடக்கறவன்தாம்ப்பா எனக்கு வேணும். வேகமா நடக்கறவன் ஒண்ணையும் பாக்கறதில்ல.”

அப்படித்தான் அவருக்குத் திருத்தணி ரயில் தவறியது, நீ வேகன் பரிசோதனைக்குப் போனாய். பிறகு எல்லை முடிவாகித் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த வண்டிகளை நீ கோலோடு நடந்து நடந்து பார்த்தாய். நான் கழுவியதால்தான் உனக்கு வேலை கிடைத்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். “நீ கழுவாம இருந்திருந்தா அந்த ஆளுக்கு ரயில் தவறியிருக்காது” என்பாய் நீ. அவ்வளவுதான் அதைப் பற்றி நீ என்னிடம் சொன்னது, இருபது வருஷத்தில்.

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று உன் பெரியவன் சோப்பைப் போட்டு உன் விரல் இடுக்குகளைத் தேய்தேயென்று தேய்த்தான். எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. “விடுப்பா, போதும்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது எனக்கு.

போன வாரம் நகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒழுகுகிற பால் கேனைக் கொண்டுவந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்ததில் அது வெள்ளிபோல மின்னியது. முன்பெல்லாம் நானே கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஓட்டையைத் தேடுவேன். இப்போது பாத்திரம் வந்ததும் ஒரு நிமிஷம் கை வைக்காமல் பார்க்கிறேன். கறை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. அந்தப் பெண்ணின் கேனில் பார்க்க ஒன்றுமே இல்லை.

“ஏம்மா, இன்னாத்துக்கு இப்படித் தேய்ச்சிக்கினு வந்த?”

“அழுக்கா எடுத்துக்கினு வந்தா நீ இன்னா நெனச்சிக்குவ, மாமா?”

“ஓட்டை எங்க கீதுன்னு நெனச்சிக்குவேன். அடுத்த வாட்டி ஒழுகினது ஒழுகினபடியே எடுத்துக்கினு வா. கழுவறதை நான் பாத்துக்கறேன். எனக்கு அதுல அனுபவம் ஜாஸ்தி.”