போக ஒன்று, வர இரண்டரை

ஏற்காடு,
12-8-1986.

மாதா துணை

அன்பு மகள் ஞானசுந்தரிக்கு அம்மா எழுதுவது. மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் எங்கள் தோத்திரம் சொல். பாப்பாவுக்குக் காதுவலி நின்றதா? இங்கே ஒரே மழை, துணி காயவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சந்தைக்குப் போனோம். உங்கள் பாம்பன் தீவிலிருந்து வருகிற கருவாட்டுக்காரர் அப்பாவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். "ரைட்டரய்யா, மலையில பொறந்த புள்ளையா அது! கடல்பாசி எடுக்குற பொம்பளைகள்ல ஒங்க மக மாதிரி மூச்சடக்க ஆளில்ல. முங்குனா, போயிட்டாளோன்னு நாங்க பதறணும்" என்றார். நாங்கள் சந்தோஷப்படுவோம் என்று நினைத்துவிட்டார், பாவம். அப்பா வாங்கிய கருவாட்டை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "எஸ்டேட்ல அத்தன ஆளுக்கும் கணக்கு எழுதி வேலை வாங்குறவன் நானு. எம் பொண்ணு கடல்ல முங்கிப் பாசி பொறுக்குறாளா? ரெண்டு வள்ளம் இருக்குதுன்னுதானே குடுத்தோம்?" என்றார். விசைப்படகுகள் வந்தபின் வள்ளத்துக்கு மீன் கிடைப்பதில்லை, ஒன்றை விற்றாகிவிட்டது என்று கருவாட்டுக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னதைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா புறப்பட்டு அங்கே வருகிறார். வீட்டுச் செலவுப் பெட்டி என்னிடம் இருப்பதால் பணம் கேட்டார். போக ஒரு டிக்கெட், வர இரண்டரை. மாப்பிள்ளைக்கு எங்கேங்க என்று கேட்டேன். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கும் கோபம்தான் கண்ணு. ஏரிக்கரைப் பக்கம்கூட உன்னை விட்டதில்லை நான். ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? ஜெபமாலை உருட்டினாலும் தண்ணீருக்குள் நீ இருப்பதுதான் கண்ணில் நிற்கிறது. எஸ்டேட்டில் களை எடுக்கிற குப்பாயியிடம் சொல்லி அழுதேன். "ஏனுங்கம்மா, அப்ப ரைட்டரய்யா கடலுக்குள்ளார போயி ஆள் கணக்கு எடுக்கட்டுங்க!" என்றாள், காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டே. அழுகையிலும் சிரித்துவிட்டேன்.

வருவதானால் மூன்று பேருமாக வாருங்கள், இடம் இருக்கிறது. வரவில்லை என்றால் அதை நீயே அப்பாவிடம் சொல், மாமியாரைப் பேச விடாதே. கத்துவார், பொறுத்துக்கொள். பசியோடு அனுப்பாதே.

மாதா உன் மூச்சை நீளமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
மரியபாக்கியம்