லொறியின் இடப்பக்கம்

இன்று காலை கிளினிக்குக்குப் போக மகனுடைய லொறியில் ஏறினேன். சந்தியில் இடப்பக்கம் திரும்ப அவன் சிக்னல் போட்டதும், கண்ணாடிக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் விளக்கு ஒன்று மின்னியது. கூடவே விட்டு விட்டு ஒரு சத்தம். அதை நான் கேட்டது இதுதான் முதல்தரம்; பயத்தில் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. இடப்பக்கம் ஆரோ வாறாங்க, அதான் கத்துது," என்றான்.

கண்ணாடியில் ஒருவரும் இல்லை. அவன் பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தான். லொறியின் முன்மூலைக்குக் கீழிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வெளிப்பட்டது. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போனது. இவனுடைய அப்பா உங்களிடம்தான் இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது.

உங்களுக்கு நடந்ததும் இதே சித்தாண்டிச் சந்தியில்தானே. நெல் மூட்டைகளோடு திரும்பினீர்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினீர்கள். சனம் கத்திய பிறகே பிரேக் போட்டீர்கள். சைக்கிளில் வந்த ஒரு பெண்பிள்ளை லொறியில் அடிபட்டிருந்தது. உயிர் தப்பியது, ஆனால் கால் முறிந்துவிட்டது. தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். பிள்ளையின் தாய் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பாராமல் ஓட்டியிருக்கிறான் என்று ஊர் பேசியது.

பிறகு ஒரு பின்னேரம் என்னை டிரைவர் சீற்றில் ஏற்றி இருத்தினீர்கள். மகனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு லொறிக்குப் பின்னாலிருந்து இடப்பக்கமாக வந்தீர்கள்.

"தெரியுதா, புள்ள?"

"ஓம், தெரியுது."

இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தீர்கள்.

"இப்ப?"

கண்ணாடியில் வேலி தெரிந்தது, கோழிகள் தெரிந்தன. உங்கள் குரல் மட்டும் கதவுக்குக் கீழிருந்து கேட்டது.

"இல்லயே. எங்க நிக்கிறீங்க?"

"இஞ்சதான் நிக்கிறன். அந்தப் புள்ளயும் இஞ்சதான் நிண்டிருக்கு."

நான் ஒருத்தியாவது நம்பவேண்டும் என்று நினைத்தீர்களாக்கும். நம்பினேன். ஆனால் அது உங்களுக்கு உதவவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் வேர்த்துக் கொட்டியது. கடைசியில் லொறியை விற்றீர்கள். சில வருடங்களில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது.

மகன் லொறி ஓடப்போகிறேன் என்றபோது நான் சாப்பிடாமல் கிடந்தேன். அவன் என்னை அழைத்துப்போய், இடப்பக்கத்தில் பூட்டியிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினான்.

"கண்ணாடியில தெரியாத இடத்தில ஆள் வந்தா இது காட்டித் தரும். அதுக்காக இத மட்டும் நம்பித் திருப்பமாட்டன். கண்ணாடியும் பாப்பன், எட்டியும் பாப்பன். அப்பாக்கு இது இருந்திருந்தா..." என்றபடி லொறிக் கதவைச் சாத்தினான்.

அப்படியும் பயம் போகவில்லை. அறுவடைக் காலத்தில் லொறி வயல் வட்டைக்குள் இறங்கி நெல் ஏற்றிக்கொண்டு வரும்போது அந்தப் பெட்டியைச் சேறு மூடிவிடுகிறது. மூடினால் அது சரியாக வேலை செய்யாது என்று அவன்தான் சொன்னான். அன்றிலிருந்து, அவன் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஈரத் துணியோடு லொறியின் இடப்பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

"காணும், துடைச்சது போதும், விடுங்கம்மா," என்பான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே.

எனக்குக் காணாது. இன்னும் ஒருதரம் துடைக்கிறேன்.