சாவி வாங்காத நாட்கள்

ஐப்பசி 18, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். வாடகை வீடு நெ. 3-இல் ஓடு மாற்ற வேண்டும். ஆற்றோரத்தில் தோல் பதனிடும் ஷாப்பையும் மூடிவிட்டார்கள். சீமையில் தோலைக் கேட்பாரில்லையாம். என் ஐந்து வீட்டுக் குடித்தனக்காரர்களுக்கும் அங்கேதான் வேலை.

முன்பெல்லாம் ஒன்றாம் தேதி என் குடையைக் கண்டால் அவர்கள் ஒளிவார்கள். இன்று நெ. 2 பெருமாள் வாசலில் நின்று கூப்பிடுகிறான், நான் நெல் குதிருக்குப் பின்னால். இப்படி நான் ஒளிவது இந்த மாதம் மூன்றாம் முறை. "அவரு வேலூர் போயிருக்காரு," என்று என் மனைவி தனம் சொல்லி அனுப்பினாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருப்பான். சாவி என் கைக்கு வராதவரை வீடு காலியில்லை. ஊர் வழக்கம்.

ஐப்பசி 20, வியாழன்

வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டேன். பையன்கள் திருத்தினார்கள். தலைவலி, சுக்குப் பற்று.

தனத்துக்குத் தெரியாது: நாங்கள் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துத்தான் இந்த ஐந்தையும் வாங்கினேன். அப்போது தோலுக்கு நல்ல விலை. வாடகையே வட்டியைக் கட்டியது. தைக்குள் கடனைக் கட்டாவிட்டால் குடியிருக்கும் வீடு போய்விடும். அவள் அப்பா கொடுத்த வீடு. சொல்லப் பயம்.

ஐப்பசி 23, ஞாயிறு

ஆம்பூர்ச் சந்தை. கத்தரிக்காய், இஞ்சி, மண்ணெண்ணெய் (மறந்தேன்). பெருமாளைக் கண்டதும் காய்க் குவியல்மேல் குனிந்துகொண்டேன். பலிக்கவில்லை.

"இன்னா சார், வேலூர்லேர்ந்து எப்போ வந்தீங்க?"

பாதி வாடகை போதும், இரு என்றேன்.

"பாதிக்கு எங்க சார் போறது? புள்ளைங்களோட கோலார் போறேன். சுரங்கத்துல ஆள் எடுக்கிறானாம்."

நான் கையை நீட்டவில்லை. சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். காய்க்காரி, "இதையும் சேத்து நிறுக்கட்டுமா சாமி?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வேறு.

ஐப்பசி 26, புதன்

மழை. பள்ளி விட்டதும் வீடுகளைப் பார்க்கப் போனேன். நெ. 2 பூட்டு. நெ. 4 திறந்திருந்தது. உள்ளே சுண்ணாம்பு வாசனை. தனம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் காலியா?"

"பத்து நாளாச்சு. நீங்க குதிருக்குப் பின்னால இருந்தப்போ நான்தான் சாவி வாங்கினேன்."

"யாருக்கு வெள்ளையடிச்சே?"

"நமக்குத்தான். அந்த வீடு போனா இங்கதானே வரணும். கடன் குடுத்தவரு வீட்டுக்கே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள்.

"வாடகை வேணாம். ஒளியாம இருந்தா போதும்."

வாங்கிக்கொண்டேன்.