பத்தொன்பது அங்குலமும் இருபத்தொரு நாட்களும்

அனுப்புநர்:
திருமதி அருள்நாயகி தில்லையம்பலம்,
பிளேஸ்டோ, லண்டன்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
காலநிலை உடன்படிக்கைகளை ஆராயும் குழு,
நாடாளுமன்றம், லண்டன்.

விடயம்: எனது எழுத்துமூலச் சாட்சியம் காலம் கடந்ததெனத் தள்ளப்பட்டமையும், எனது மச்சாளின் வாய்மொழிச் சாட்சியத்தில் உள்ள பிழையும்.

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

1. வெள்ளத்திலிருந்து வீடுகளைக் காப்பது பற்றிய சர்வதேச உடன்படிக்கை ஒன்று தற்போது சபையில் வைக்கப்பட்டுள்ளது. இருபத்தொரு அமர்வு நாட்களுக்குள் உறுப்பினர்கள் எதிர்த்துத் தீர்மானம் எடுக்காவிட்டால், வாக்கெடுப்பு இன்றியே அரசாங்கம் அதை உறுதிப்படுத்தலாம் என அறிகிறேன். உடன்படிக்கை எனக்குப் பிடித்தே இருக்கிறது. பேச்சுமூச்சில்லாமல் அது நிறைவேறுவதுதான் பிடிக்கவில்லை. எங்கள் சனம் ஒரு கலியாணத்துக்கே இரு பகுதியும் வாயால் ஓம் சொன்ன பிறகுதான் நாள் வைக்கும். விவாதம் நடந்தால்தான் எங்கள் தெருவைப் பற்றி ஓர் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

2. எங்கள் வீட்டுக்குள் மூன்று தடவை வெள்ளம் வந்தது. ஒவ்வொரு தடவையும், பிளவுஸ் தைக்கும் அளவு நாடாவால் நானே அளந்து, நடைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினேன். கடைசிக் கோடு பத்தொன்பது அங்குலம். வந்தது சாக்கடைத் தண்ணீர் என்பதையும் மரியாதையுடன் குறிப்பிடுகிறேன்.

3. இவற்றை நான்கு பக்கங்களில் எழுதி, ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணிக்கே ஆயத்தமாக வைத்திருந்தேன். தங்கள் கெடு நான்கு மணி. ஆனால் குசினியில் தொங்கும் கலண்டரில் செவ்வாய் ராகு காலம் மூன்று முதல் நாலரை. நல்ல காரியத்தை அதற்குள் தொடங்குவது எங்கள் வழக்கமல்ல. மூன்றுக்கு முன் அனுப்பியிருக்கலாம். மகள் கௌசி வேலையால் வந்து ஆங்கிலத்தை ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. அவள் பார்த்து முடிக்க மூன்று ஐந்து. எனவே காத்திருந்து நாலு முப்பத்தொன்றுக்கு அனுப்பினேன். தாங்கள் தள்ளியது விதிப்படி சரியே.

4. அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது. ஜூன் மாத லண்டனில் சூரியன் விழ இரவு ஒன்பது தாண்டும். ஆகவே இங்கு ராகு காலம் தொடங்குவதே ஐந்து மணிக்குப் பிறகு. இதை எனக்குச் சொன்னவர் மேலே குறிப்பிட்ட மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, வெம்பிளியில் வசிக்கும் திருமதி சுவர்ணா. லண்டன் நேரம் போட்ட கலண்டர் அவரிடம் இருக்கிறது. அதைப் பார்த்து மூன்றரைக்குத் தன் சாட்சியத்தை அனுப்பிவிட்டு, மறுநாள்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நீங்களும் லண்டன் கலண்டர்தான் பாப்பியள் எண்டு நினைச்சன் மச்சாள்" என்றார்.

5. அவர் வீடு மேட்டில் இருக்கிறது. அவர் நிலத்தில் விரித்திருக்கும் காப்பெட் ஒருநாளும் நனைந்ததில்லை. கடைசி வெள்ளம் வடிந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர், மாடிப்படியில் நின்று என் சுவரைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைக் காட்டித்தான், "எங்கட குடும்பத்து வீடு" என்று சென்ற செவ்வாய் தங்கள் குழுவின் முன் பேசினார். நான் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த பச்சைப் பட்டு பிளவுஸைப் போட்டிருந்தார். தலைவர் அவருக்கு நன்றி சொன்னதைச் சொந்தக்காரர் எல்லோரும் வாட்ஸப்பில் பார்த்துவிட்டார்கள். மனோர் பார்க் கோயிலில் என்னிடமே வந்து அவரைப் புகழ்கிறார்கள்.

6. இது பொறாமை என்று தாங்கள் நினைக்கக்கூடும். பொறாமைதான். ஏழு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவருடைய சாட்சியத்தை நீக்கும்படி கேட்கவே இம்மனுவை எழுதத் தொடங்கினேன்.

7. ஆனால் ஒளிபரப்பை மறுபடி பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. எவ்வளவு தண்ணீர் என்று ஓர் உறுப்பினர் கேட்கிறார். மச்சாள் சற்றுத் தடுமாறி, கணுக்கால் அளவு என்கிறார். அவர் எடுத்த படத்தில் முதல் வெள்ளத்துக்கு நான் போட்ட கீழ்க்கோடு மட்டுமே விழுந்திருக்கிறது. பத்தொன்பது அங்குலம் என் முழங்காலுக்கு மேல். கணுக்காலுக்காக எந்த உறுப்பினரும் விவாதம் கேட்கமாட்டார். என் கணக்குப்படி இன்னும் ஐந்து அமர்வு நாட்களே மிச்சம். அவர் பேச்சை நீக்கினாலோ, எங்கள் தெருவைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

8. ஆகவே நீக்க வேண்டாம். கணுக்கால் என்ற இடத்தில் பத்தொன்பது அங்குலம் என்று திருத்தி, அந்த ஐந்து நாளும் முடியுமுன் உறுப்பினர்களுக்கு அறியத் தரவும். சந்தேகமிருந்தால் யாரேனும் வந்து பார்க்கலாம். அந்தச் சுவருக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. அளந்தவர் இன்னார் என்று என் பெயரைச் சிறிய எழுத்தில் போட இயலுமானால் போடவும். இடமில்லையென்றால் அளவை மட்டும் போடவும்.

கௌசியின் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். சூடான இடங்களை அவள் ஆற வைத்திருக்கிறாள். தமிழ்ப் பிரதியையே மூலமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
அருள்நாயகி தில்லையம்பலம்

இடம்: பிளேஸ்டோ
திகதி: 01.07.2025, செவ்வாய்க்கிழமை
அனுப்பும் நேரம்: மாலை 5.40. லண்டன் கலண்டர்படி இது ராகு காலம். தெரிந்தே அனுப்புகிறேன்.